காற்றுக்குக் கொடுத்த கிலோமீட்டர்கள்

போன வாரம், ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கும் நெடுஞ்சாலையில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஓர் எண் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பத்து. நூற்று ஒன்று…

என் மின்சாரக் கார் இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டுகிற எண் அது. ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஒன்று குறைய வேண்டும் — அதுதானே முறை? அன்று ஒன்று ஓடினால் இரண்டு குறைந்தது. போய்ச் சேர வேண்டிய இடமோ இன்னும் தொண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

அந்த இடம் திருவனந்தபுரம் விமான நிலையம்.

பின்சீட்டில் என் சித்தி மகள் ஷைனி. வளைகுடாவில் நர்ஸ். பிரசவத்துக்கு ஊருக்கு வந்தவள். அன்று மாலை விமானம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அவளுடைய விசா செத்துப்போகும். விசா போனால் வேலை போகும். வேலை போனால்… அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசிக்கொள்வதில்லை.

அவள் மடியில் ஐந்து மாத மகன். அவனுக்கு இன்னும் விசா வரவில்லை. வரும்வரை குழித்துறையில் அம்மாச்சியிடம் — அதாவது என் சித்தியிடம் — இருப்பான். சித்தி ஷைனியின் பக்கத்தில் இருந்தார். முன்சீட்டில் என் அருகே சித்தப்பா. டிக்கி நிறையப் பெட்டிகள். காரின் கூரையில், கேரியரில், நீலத் தார்ப்பாய் சுற்றி, நான்கு கால்களும் வானத்தைப் பார்க்க, ஒரு தேக்குத் தொட்டில்.

ஆம், தொட்டில். அதற்கு வருகிறேன்.

என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், பட்டியல் போடாமல் நான் பல்கூடத் துலக்குவதில்லை. அன்று காலையும் போட்டேன். சார்ஜ் முழுசாக ஏறியிருக்கிறதா? ஏறியிருக்கிறது. டயர் அழுத்தம்? சரி. வழியில் சார்ஜர்? நாகர்கோவிலில் உண்டு. தூரம்? குழித்துறையிலிருந்து திருநெல்வேலியில் ஷைனியின் மாமனார் வீடு, அங்கிருந்து அவளை ஏற்றிக்கொண்டு நேரே விமான நிலையம் — மொத்தம் இருநூற்று அறுபது சொச்சம். காருக்கு அரசு அங்கீகாரம் பெற்ற தூரம் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஐம்பது கிலோமீட்டர் கையிருப்பு.

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டை அப்படியே நம்புகிற ஆள் இல்லை நான். மின்பொறியாளர். அதனால் திருநெல்வேலியில் சாப்பிடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்வது என்று பட்டியலின் கடைசியில் எழுதியிருந்தேன்.

காலையில் என்ன நடந்தது தெரியுமா? சித்தியையும் சித்தப்பாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியதும் கார் பறந்தது.

நாகர்கோவிலைத் தாண்டி, முப்பந்தல் வழியாகக் கிழக்கே போகப் போக, காகிதத்தில் இருந்ததைவிட நன்றாக ஓடியது. திருநெல்வேலி சேர்ந்தபோது மூன்றில் ஒரு பங்குதான் செலவாகியிருந்தது. திரையில் இன்னும் இருநூற்று முப்பது கிலோமீட்டர் என்று இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மார்த்தாண்டத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். எந்தப் பொருளையும் தட்டிப் பார்த்துத்தான் பேசுவார். பானட்டைத் தட்டி, "கொள்ளாம் மக்கா" என்று பாராட்டினார்.

ஷைனியின் மாமனார் வாசலில் நின்று கேட்டார்: "யம்மா, வண்டிக்கு சார்ஜு கீர்ஜு போடணும்னா சொல்லு. வயர நீட்டி உட்ருவோம்லா."

"வேண்டாம் மாமா, தாராளமா இருக்கு" என்றேன்.

பட்டியலின் கடைசி வரியை நானே அடித்தேன்.

அப்புறம் மதியச் சாப்பாடு. அப்புறம் தொட்டில். ஷைனியின் கணவர் பிள்ளையாக இருந்தபோது படுத்தது. பேரன் குழித்துறைக்குப் போனால் தொட்டிலும் கூடவே போக வேண்டும் என்பது அந்த வீட்டு முடிவு. "வேற தொட்டில்ல எம்பேரன் கண்ணடைக்க மாட்டான்" என்றார் மாமியார். பேச்சு அத்தோடு முடிந்தது. ஏணி வந்தது, கயிறு வந்தது, தார்ப்பாய் வந்தது. தொட்டில் கூரை ஏறியது.

கடைசியாக ஜெபம். எங்கள் பக்கத்து ஜெபம் நீளமானது. விமானியிலிருந்து, விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் வரைக்கும் ஒருவரும் விட்டுப்போகக் கூடாது. பிள்ளைக்கு வெக்கையாக இருக்கக் கூடாதே என்று யாரோ நல்ல மனசுடன் காரின் ஏ.சி.யை முன்கூட்டியே போட்டு, கதவைத் திறந்தும் வைத்திருந்தார்கள். 'ஆமென்' சொல்லிக் கண் திறந்தபோது திருநெல்வேலி வெயிலுக்கும் சேர்த்து என் கார் குளிரூட்டிக்கொண்டிருந்தது.

சரி, சின்ன நஷ்டம் என்று கிளம்பினேன்.

வள்ளியூர் வரை ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த எண் கரைய ஆரம்பித்தது. கூரைமேல் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. காரை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிறார்கள் என்று தோன்றியது.

"மக்கா, அந்த நம்பர் எதுக்கு இப்பிடிக் கொறையுது?" என்றார் சித்தப்பா.

"காத்து, சித்தப்பா."

"டயர்ல கொறைவா?"

"டயர்ல இல்ல. வெளியில."

அவர் வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு பக்கமும் காற்றாலைகள். மலையடி வரைக்கும், கண் போகிற தூரத்துக்கு. அத்தனையும் முதுகைக் காட்டி நின்றன. காலையில் வரும்போது அவை எங்களை எதிர்கொண்டு முகம் காட்டியிருந்தன. காற்றாலை எப்போதும் காற்று வருகிற திசையைத்தான் பார்க்கும். இப்போது அவை மொத்தமும், ஒரு தலைகூடத் திரும்பாமல், நாங்கள் போக வேண்டிய திசையையே பார்த்துக்கொண்டிருந்தன.

மேற்குக் கடலிலிருந்து வருகிற காற்று, இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ள இந்தக் கணவாயில் நெருக்கியடித்து நுழைந்து, வேகம் பிடித்துக் கிழக்கே பாய்கிறது. ஆவணி பிறந்தும் இந்த வருடம் அடங்கவில்லை. காலையில் என் காரை ஓட்டியது பாதி நான், பாதி இந்தக் காற்று. அது கொடுத்ததை என் காரின் திறமை என்று நினைத்து, பானட்டைத் தட்டிப் பெருமைப்பட்டிருக்கிறோம்!

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நான் வேலை பார்ப்பதே காற்றாலைகளைப் பராமரிக்கிற நிறுவனத்தில். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கக்கூடிய மின்சாரம் எட்டு மடங்கு — இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதே காற்றை எதிர்த்துப் போகிறவருக்கு என்ன ஆகும் என்று மட்டும் யோசித்ததில்லை. எனக்குக் காற்று என்றால் வரவு. ஒரு நாளும் அது செலவாக என் முன்னால் வந்ததில்லை.

ஒரு சின்னக் கணக்கு. பயப்பட வேண்டாம், ஒன்றே ஒன்றுதான்.

நான் எண்பது வேகத்தில் போகிறேன். காற்று நாற்பது வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் அது முதுகுப் பக்கம். ஆகவே காருக்குத் தெரிந்த எதிர்க்காற்று நாற்பதுதான். மாலையில் அது முகத்துக்கு நேரே; காருக்கு நூற்றிருபது. ஒரே சாலை, ஒரே கார், ஒரே ஓட்டுநர் — மூன்று மடங்கு. ஆனால் காற்றின் தடை அதே அளவில் ஏறுவதில்லை. மூன்றை மூன்றால் பெருக்க வேண்டும். ஒன்பது மடங்கு!

நல்லவேளை, கார் செலவழிப்பது எல்லாமே காற்றுக்காக இல்லை. இருந்திருந்தால் கணவாய்க்கு முன்பே, பணகுடியிலேயே நின்றிருப்போம்.

சித்தி பின்னாலிருந்து ஒரு யோசனை சொன்னார். "அப்போ வேகமாட்டுப் போ மக்கா. தீந்து போறதுக்கு முன்ன போய்ச் சேந்துரலாம்லா?"

"எம்மா, அது அப்பிடி இல்ல" என்றாள் ஷைனி. "டிரிப்ஸ் மாதிரி. வேகமாத் தொறந்துவிட்டா பாட்டில் சீக்கிரம் காலியாவும்."

"அப்போ நீ நர்சுதானே, வண்டிக்கு ஒரு பாட்டில் ஏத்த வழி சொல்லுட்டி."

வண்டியை ஓரம் கட்டினேன். ஒரு டீக்கடை. கதவைத் திறக்கப் போனால் திறக்கவில்லை; வெளியே யாரோ உடம்பைச் சாய்த்து அழுத்திக்கொண்டிருப்பது போல இருந்தது. தோளால் தள்ளி இறங்கினேன். துப்பட்டா ஒரே வீச்சில் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. அலுவலகத் திரையில் தினமும் நான் பார்க்கிற காற்றின் வேகத்தைக் காட்டும் பச்சைக் கோடு இதுதான். இத்தனை வருடத்தில் முதல்முறையாக நேரில் சந்தித்துக்கொண்டோம்.

காற்றுக்கு எடை இல்லை என்றா நினைக்கிறீர்கள்? ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரமுள்ள பெட்டியில் அடைத்தால் ஒரு கிலோவுக்கு மேலேயே நிற்கும். ஒரு கார், ஒரு கிலோமீட்டர் முன்னேறுவதற்குள், தன் எடையைவிட அதிகமான காற்றைத் தள்ளி ஒதுக்கியாக வேண்டும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும். அது அசையாமல் நிற்கிற நாளில்! இங்கே அது எதிரே ஓடிவருகிறது. இவ்வளவையும் தள்ளிக்கொண்டு ஒரு தகரப் பெட்டி ஐந்து பேரை, ஒரு சத்தமும் போடாமல், இதுவரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறதே… நான் காரைப் பார்த்தேன். கோபம் வரவில்லை. கும்பிடத் தோன்றியது.

கூரையைப் பார்த்தேன். தார்ப்பாய் பாய்மரம் மாதிரி உப்பி நின்றது.

"சித்தி, இந்தத் தொட்டிலை இங்கேயே இறக்கிடலாம். டீக்கடைக்காரர்ட்ட சொன்னா வச்சிருப்பாரு. நாளைக்குக் காலைல நானே வந்து எடுத்துட்டு வாரேன்."

சித்தி கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். "என்ன சொன்ன? பிள்ளைக்க தொட்டில, காலியாட்டு, நடுவழில விட்டுட்டுப் போவவா?"

"ஒரு ராத்திரிதானே…"

"ஒரு நிமிஷங்கூட ஆவாது."

சித்தப்பா சபையில் கமிட்டி மெம்பர். அவருக்கு இந்த மாதிரிச் சகுனப் பேச்செல்லாம் ஆகாது. "வேதப் புத்தகத்துல எந்த அதிகாரத்துல இருக்கு, தொட்டில வழில எறக்கப்பிடாதுன்னு?"

"வேட்டிய எந்தப் பக்கம் உடுக்கணும்னும்தான் அதுல இல்ல. நீங்க கேட்டுட்டா உடுக்குதிய?"

சித்தப்பா டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஷைனியைப் பார்த்தேன். போக வேண்டியவள் அவள். தவறவிட்டால் இழக்க வேண்டியதும் அவள்தான். அவள் பிள்ளையின் தலையைத் தடவியபடி, நிமிராமலே சொன்னாள்: "எறக்காண்டாம். இருக்கட்டு."

தார்ப்பாயை மட்டும் அவிழ்த்து மடித்து உள்ளே போட்டேன். அதுவே கொஞ்சம் மிச்சம்தான். பாய்மரத்துடன் எதிர்க்காற்றில் போகிற படகு உண்டா?

அப்புறம், விமானத்துக்கு நேரமாகிறவர்கள் யாருமே செய்யாத காரியத்தைச் செய்தேன். வேகத்தை ஐம்பதுக்குக் குறைத்தேன்.

அந்தக் காற்றில், எண்பதிலிருந்து ஐம்பதுக்கு இறங்கினால் காற்றின் தடை கிட்டத்தட்டப் பாதி. ஏ.சி.யை அணைத்தேன். இந்த வேகத்தில் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினால் பெரிய நஷ்டம் இல்லை, இறக்கினேன். லாரிகள் எங்களைத் தாண்டிப் போயின. ஒரு டிராக்டர்கூடத் தாண்ட முயன்று, வெட்கப்பட்டு விட்டுவிட்டது.

"இந்தக் காத்து ஓசியாட்டு வருது. பின்ன ஏ.சி. என்னத்துக்கு?" என்றார் சித்தி. பிள்ளை கண்ணை மூடி, வாயைத் திறந்து, அந்தக் காற்றை வாங்கிக்கொண்டிருந்தான். அவன் ஒருவன்தான் அன்று அதை அனுபவித்தவன்.

நாகர்கோவிலில் ஒரு ஹோட்டல் வளாகத்தில் வேகச் சார்ஜர் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? போனேன். திரை இருட்டாக இருந்தது. காவலாளி ஓடிவந்தார். "கரண்டு இல்ல மேடம். காத்துல மரம் விழுந்து லைன் அறுந்து கெடக்கு. எப்ப வரும்னு தெரியாது."

சித்தப்பா வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கிற நேரமில்லைதான், ஆனாலும் சிரித்தார். "காத்தாடிக்குக் கீழ இருந்துட்டு கரண்டு இல்லியாம்!"

டாக்சி? அதையும் பார்த்தோம். சித்தப்பா நான்கைந்து பேரைக் கூப்பிட்டார். அன்று முகூர்த்த நாள். எல்லா வண்டியும் ஏதோ ஒரு மண்டப வாசலில் பூ சுற்றி நின்றது. "பாக்குதேன் அண்ணாச்சி" என்றார்கள். பார்க்கிறேன் என்றால் இல்லை என்று அர்த்தம்.

திரையில் அறுபத்தைந்து. போக வேண்டியது எழுபது.

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள்: அப்படியானால் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பொய்யா? இந்தக் காரை வாங்கியதிலிருந்து என்னிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. "ஏமாத்திட்டானுவளா?"

இல்லை. அந்த எண் எங்கே பிறக்கிறது என்று தெரிந்தால் கோபம் போய்விடும். மூடிய ஒரு அறை. தரையில் பெரிய உருளைகள். கார் அவற்றின்மேல் நின்றபடியே ஓடும். சக்கரம் சுற்றும், கார் நகராது. சுத்தமான டயர், மிதமான வெப்பம், அணைத்த ஏ.சி. எந்த நொடியில் என்ன வேகம் என்பது முன்கூட்டியே வகுத்தது — அதுவும் பெரும்பாலும் மெதுவான வேகம். காற்றின் தடையைக்கூட உருளைகளை இறுக்கி ஈடுகட்டுவார்கள். ஆனால் அது காற்றே வீசாத ஒரு நாளின் தடை. எல்லாக் காரையும் ஒரே மாதிரி சோதித்தால்தானே எது மேல், எது கீழ் என்று சொல்ல முடியும்? அதற்கு அந்த எண் மிகச் சரியானது. எனக்கும் என் ஊருக்கும் அதில் இடமில்லை, அவ்வளவுதான்.

சமையல் குறிப்பில் 'இருபது நிமிடத்தில் தயார்' என்று போட்டிருப்பார்களே, அது மாதிரி. வெங்காயம் உரித்து, மாவு அரைத்து, அடுப்பை எரியவிட்டுக் காத்திருக்கும் ஏதோ ஒரு சமையலறையில் அது உண்மை. நம் சமையலறையில் இடையில் காலிங் பெல் அடிக்கும்.

நாகர்கோவில் எல்லையில் பார்வதிபுரம் தாண்டியதும் ஒன்றைக் கவனித்தேன். அறுபத்தைந்து, அறுபத்தைந்தாகவே நின்றது. இரண்டு கிலோமீட்டர் போன பிறகு அறுபத்து நான்கு. மலை மறைத்ததில் காற்று இங்கே அடங்கிவிட்டது. சாலை ஏறும், இறங்கும். ஏற்றத்தில் வாங்கியதை இறக்கத்தில் கார் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும் — கமிஷன் பிடித்துக்கொண்டுதான். தக்கலையில் நெரிசல். முன்னால் ஒரு பஸ், அதற்கு முன்னால் ஒரு கல் லாரி. நகர்வதும் நிற்பதுமாக இருபது வேகம்.

பெட்ரோல் காரில் இந்தச் சாலையில் எத்தனை நாள் பல்லைக் கடித்திருக்கிறேன்! அன்று முதல்முறையாக அந்தக் கல் லாரியை வாழ்த்தினேன். மின்சாரக் கார் நெரிசலில் பிழைக்கும். நிற்கும்போது தின்னாது, பிரேக் பிடித்தால் கொஞ்சம் திரும்பி வரும். அடுத்து வந்த மார்த்தாண்டத்தைப் போல, நெரிசலால் எங்களை இவ்வளவு அருமையாகச் சிக்கனம் பிடிக்க வைக்கிற ஊர் தென்னிந்தியாவில் இல்லை.

ஆனால் நேரம்? அது பேட்டரி மாதிரித் திரும்பி வராதே. சித்தப்பா செல்போனைப் பார்ப்பதும், பிறகு பார்க்காதது மாதிரி வைப்பதுமாக இருந்தார். கிலோமீட்டரைக் கூட்டினால் நேரம் குறைகிறது. நேரத்தைக் கூட்டினால் கிலோமீட்டர் குறைகிறது.

குழித்துறை. சித்தி வீடு நெடுஞ்சாலையை ஒட்டியேதான். பக்கத்தில் என் வீடு. என் வீட்டுச் சார்ஜர் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து குடிக்க வைக்கிற வகை. இந்த அவசரத்துக்கு அது உதவாது. தொட்டிலை இறக்க மட்டும் நிறுத்தினேன்.

திரையில் நாற்பத்தொன்று. தூரம் நாற்பது.

நானும் சித்தப்பாவும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது சித்தி என் பக்கத்தில் வந்து நின்றார். மெல்லக் கேட்டார்: "மக்கா, நா எறங்கினா எவ்வளவு கூடும்?"

எனக்குத் தெரியும். ஓடும் காருக்கு எடையைவிடக் காற்றுதான் பெரிய பகை. எடை ஏற்றத்தில் உறைக்கும். கொஞ்சம் இறக்கத்தில் திரும்பிவிடும். சித்தியும் பிள்ளையும் இறங்கினால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. தொட்டில் இறங்கியதே போதும் என்றுதான் தோன்றியது. தோன்றியது — அவ்வளவுதான். காலையிலும் எனக்கு எல்லாம் தாராளமாக இருப்பதாகத்தானே தோன்றியது?

ஒன்றும் அதிகமாகாது என்று சொல்லியிருக்கலாம். மகளை வழியனுப்ப விமான நிலைய வாசல் வரை போகாத அம்மா எங்கள் ஊரில் கிடையாது. வேன் பிடித்துப் போவார்கள். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, தலை மறையும்வரை கையைக் காட்டினால்தான் அவர்கள் அனுப்பியதாகக் கணக்கு.

"ரெண்டு கிலோமீட்டர் கூடும் சித்தி" என்றேன். அதுதான் உண்மை.

"ரெண்டு கிலோமீட்டரா? கொஞ்சமாட்டி அது? பெட்டியும் தூக்கிட்டு எனக்க பிள்ள ரெண்டு கிலோமீட்டர் ஓடவா?"

அதோடு அவர் கார் பக்கம் போய்க் கதவைத் திறந்து பிள்ளைக்குக் கை நீட்டினார். ஷைனி கொடுக்கவில்லை.

"எம்மா, நீ வரல்லியா?"

"எனக்கு இங்க சோலி கெடக்கு. பிள்ளையத் தா."

ஷைனி பிள்ளையோடு இறங்கினாள். சித்தியிடம் கொடுப்பாள் என்று பார்த்தேன். கொடுக்கவில்லை. தொட்டிலின் ஒரு பக்கத்தைக் காட்டி, "அப்பா, பிடிங்க. உள்ள கொண்டு போவோம்" என்றாள். சித்தப்பாவும் நானும் தூக்கினோம். அவள் முன்னே நடந்தாள். சித்தியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இடம் காட்டினாள். தொட்டிலை வைத்ததும் ஒரு கையால் ஆட்டிப் பார்த்தாள்; பிணைப்பை இழுத்துப் பார்த்தாள்; துணியை விரித்தாள். வார்டில் கட்டில் தயார் செய்கிறவளின் கை அது. வேகமில்லை, ஆனால் ஒரு அசைவும் வீணில்லை.

பிறகு தூங்குகிற பிள்ளையை அதில் கிடத்தினாள்.

"பால் பவுடர் நீல டப்பா. வெந்நி ஆறின பொறவு கலக்கணும். காய்ச்சல் அடிச்சா ஒடனே போன், ராத்திரியானாலும். கேட்டியா?"

"நா உன்னையும் வளத்தவதாண்டி" என்றார் சித்தி.

ஷைனி தொட்டிலை ஒரு தரம் ஆட்டினாள். அது நிற்கும்வரை காத்திருக்கவில்லை. கிட்டத்தட்ட ஓடிவந்து காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். "எடு" என்றாள்.

எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன், வாசலில் யாரும் இல்லை. சித்தி வெளியே வந்து கைகாட்டவில்லை. உள்ளே தொட்டில் ஆடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

பட்டியல்காரி நான் அதற்குப் பிறகு யோசித்துப் பார்த்தேன். கார் காகிதத்தில் உள்ளபடி ஓடியிருந்தால்? அத்தனை பேரும் விமான நிலையம் போயிருப்போம். கூட்டம், கூச்சல், டிராலி, காவலரின் விசில். பிள்ளை மிரண்டு அழுதிருப்பான். அழுகிறவனைக் கையிலிருந்து பிரித்து வாங்க வேண்டியிருந்திருக்கும். காற்று எங்களிடமிருந்து அத்தனை கிலோமீட்டரை எடுத்துக்கொண்டதால்தான் ஷைனிக்குத் தன் கையாலேயே மகனைத் தூங்க வைத்துவிட்டுக் கிளம்பக் கிடைத்தது. இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது — வரவிலா, செலவிலா?

கூரை காலியான கார் லேசாகப் போனது. களியக்காவிளை, நெய்யாற்றின்கரை… எண் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒன்று ஓடினால் ஒன்று, சில நேரம் அதுகூட இல்லை. பைபாஸில் எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஹாரன் அடித்தார்கள். மலையாளத்தில் ஒருவர் என்னவோ சொன்னார். எல்லையோர ஊர்க்காரி எனக்கு அது புரியாமலா போகும்? பதில் சொல்லி மின்சாரத்தை வீணாக்க விரும்பவில்லை. ஷைனி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்து மானிட்டரைப் பார்ப்பவளைப் போல.

விமான நிலைய வாசலில் நிறுத்தியபோது நான்கு சதவீதம் மிச்சம். கவுண்டர் மூட நேரமிருந்தது — அதிகமில்லை. சித்தப்பா டிராலியைத் தள்ளினார். ஷைனி என் கையை ஒரு தரம் பிடித்தாள், விட்டாள். கண்ணாடிக் கதவு திறந்து மூடியது. திரும்பிப் பார்க்கவில்லை. யாருக்காகத் திரும்புவாள்? திரும்பிப் பார்க்க வேண்டியதையெல்லாம் குழித்துறையிலேயே பார்த்து முடித்திருந்தாள்.

வாகன நிறுத்தத்தில் சார்ஜர் இருந்தது. மின்சாரமும் இருந்தது! வயரைச் செருகிவிட்டு இருவரும் காருக்குள் உட்கார்ந்தோம். கடல் பக்கத்திலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. நாளைக்கு இதே காற்றுதான் கணவாய்க்குள் நுழைந்து, என் அலுவலகத் திரையில் ஒரு பச்சைக் கோடாக உயரும். அதை இனி வெறும் கோடாக என்னால் பார்க்க முடியாது.

சித்தியிடமிருந்து போன். பிள்ளை இன்னும் எழும்பவில்லையாம். ஷைனியிடமிருந்து ஒரு வரி: உள்ளே போய்விட்டாளாம். சித்தப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. திரும்பவும் மாட்டிக்கொண்டு, திரையைத் தட்டிக் காட்டினார்.

"ஏ மக்கா, முந்நூத்திப் பன்னிரண்டு ஓடும்னு பேப்பர்ல எழுதியிருக்கே… அது ஆருக்க வண்டி?"

"அறைக்குள்ள, ரோலர் மேல ஓடின வண்டி சித்தப்பா. அதுல ஒருத்தரும் யாரையும் விட்டுட்டுப் போவல்ல."